நல்ல காது

பராச்சிகே
மார்ச் 3, 2009

அன்புள்ள அக்கா சொராய்தாவுக்கு,

உன் தம்பி நிக்கோமெடெஸ் எழுதுவது. இங்கே நானும் சௌக்கியம், கடலும் சௌக்கியம். அங்கே சிலியில், அந்தோஃபகாஸ்தா வெயிலில் நீயும் ரூபென் மச்சானும் வாடாமல் இருக்கிறீர்களா?

இனிமேல் போனில் கூப்பிடாதே, கடிதம் எழுது என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே. என் கைபேசி உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. துறைமுகத்துக் கடை போனில் பேசலாம் என்றால் ஒரு பக்கம் காற்று மணலை அள்ளித் தகரத்தில் அடிக்கிறது, இன்னொரு பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் வேறு, "சீக்கிரம் முடிப்பா, உங்கக்கா என்ன ஜனாதிபதியா?" என்று பிடுங்குகிறார்கள். கடிதம் என்றால் ஆற அமர உட்கார்ந்து படிக்கலாம்.

போன மாதம் நீ கூப்பிட்டு மச்சானைப் பற்றிச் சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு காலத்தில், பெருக்காரிக்குச் சிலிக்காரனா என்று அவரோடு முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அதெல்லாம் பழைய கதை. ஜூன் கடைசியில் சான் பேத்ரோ திருவிழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா. படகில் ஏற்றிக் கடலைக் காட்டுகிறேன். லாரியிலேயே உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு நல்லதுதானே.

விசிறிச் சிப்பி இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. தினமும் சிப்பி குளிக்கக் கடலடிக்கு இறங்குகிறோம். படகுக்காரன் சுங்காதான் மேலே இருந்து எனக்குக் காற்றுக்குழாய் பிடிக்கிறான். இடது காது எப்போதும்போல ஒழுகுகிறது. மருந்துக்கடை யெசெனியா சொட்டு மருந்து கொடுத்தாள், நின்றுவிட்டது. கவலைப்படாதே.

நீ பராமரிக்கும் ஓர்த்தென்சியா அம்மாவுக்கும் என் வணக்கம். மச்சானை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
நிக்கோ


அந்தோஃபகாஸ்தா
ஏப்ரல் 20

தம்பி நிக்கோமெடெஸுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பதில் எழுதக் கை வரவில்லை. நீ சொன்னபடியே இனி கடிதம்தான், போன் இல்லை.

ஓர்த்தென்சியா அம்மா நன்றாக இருக்கிறார். காலையில் சக்கர நாற்காலியில் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போகிறேன். அவருக்கு நான் யார் என்பதே சில நாள் மறந்துவிடுகிறது. அதுவும் நல்லதுதான், எதையும் கேட்கமாட்டார்.

திருவிழாவுக்கு நாங்கள் வரவில்லை.

காதைப் பார்த்துக்கொள்.

சொராய்தா


பராச்சிகே
மே 9

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இவ்வளவு சின்னதா? ஓர்த்தென்சியா அம்மாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கக்கூட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வாய். வேலை அதிகமோ, உடம்புக்கு ஏதாவதோ? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன வாரம் அடியில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை மேலே போய்விட்டது, மேல் கீழே வந்துவிட்டது. எது வானம், எது மண் என்று தெரியவில்லை. நான் விட்ட மூச்சுக் குமிழிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து மேலே வரவேண்டும் என்று பழைய குளியாட்கள் சொல்வார்கள். குமிழியும் சுற்றியது. சுங்கா கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் போகவே என்னைச் சாக்குமூட்டை போலத் தூக்கிப் போட்டான். படகில் அரை மணி நேரம் வாந்தி. "ஏண்டா, கர்ப்பமா இருக்கியா? யார்டா அப்பன்?" என்று கேட்டுக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதல்லவா, அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றுமாம். யெசெனியாவிடம் போனேன்.

"போன தடவ குடுத்தது கேக்கலியா?"

"கேட்டுது. அப்புறம் கேக்கல."

"இது கொஞ்சம் காரமான மருந்து. ரெண்டு மாத்திரை இப்ப எடுத்துக்கோ, நின்னா விட்டுடு. நிக்கலேன்னா வா, இதைவிடக் காரமானது இருக்கு."

மாத்திரையோடு சேர்த்து கேப்சூலைப் பிரித்து அதன் பொடியையும் காதுக்குள் ஊதிக்கொண்டேன். குளியாட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இரண்டு நாளில் காய்ந்துவிட்டது.

எல்லையோரத் தாக்னா போகிற பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் அங்கே வருகிறார். அவரிடம் மச்சானுக்காக சீமைக் கருவேலங்காயில் காய்ச்சிய பாகு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். லாரி ஓட்டும்போது பாலில் கலந்து குடித்தால் தூக்கம் வராது. இன்னும் கலாமா பாதையில்தான் ஓட்டுகிறாரா?

நீ எழுதும் அடுத்த கடிதம் இதைவிட நீளமாக இருக்க வேண்டும்.

நிக்கோ


அந்தோஃபகாஸ்தா
ஜூன் 14

நிக்கோமெடெஸ்,

பாட்டில் வந்தது. கொண்டுவந்தவருக்கு நன்றி சொன்னேன். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

யெசெனியாதான் உனக்கு டாக்டரா? ஒன்பது வயதிலிருந்து ஒழுகுகிற காது. கடைக்காரி கையில் கிடைத்ததைக் கொடுக்கிறாள், நீ வாயிலும் காதிலும் போட்டுக்கொள்கிறாய். வாந்தி எடுத்ததை வேடிக்கை என்று எனக்கு எழுதுகிறாய். உனக்கு எல்லாமே சிரிப்புதான், எனக்கு நன்றாகத் தெரியும்.

பியூராவுக்குப் போய்க் காது டாக்டரைப் பார். இதைக் கோபத்தில் எழுதவில்லை. இந்த உலகத்தில் இனி எனக்கு நீ ஒருவன்தான் மிச்சம், அதனால் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சொராய்தா


பராச்சிகே
ஜூலை 6

அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ நலமில்லை என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

திருவிழா முடிந்தது. சான் பேத்ரோ சிலையைப் படகில் ஏற்றினார்கள். இந்த வருஷம் நான் அந்தப் படகில் இல்லை. கரையில் நின்று பார்த்தேன். பேண்டுக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், டிரம்காரன் கை ஓங்கி ஓங்கி அடித்தான், ஜனங்கள் வாய் திறந்து பாடினார்கள். நல்ல கூட்டம்.

சுங்காதான் என்னை இறக்கிவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. "மச்சி, நான் கத்துறேன், நீ திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்குற. நாளைக்கு உன் பொணத்தைத் தூக்கிட்டு வந்து நான் யார்கிட்ட குடுக்கறது?" என்றான். இன்னொன்றும் சொன்னான், அவன் சொல்ல விரும்பாததை. காது நாறுகிறதாம். படகில் சாப்பிட உட்காரும்போது யாரும் என் இடது பக்கம் உட்காருவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். காற்று வீசும் பக்கம் பார்த்து உட்காருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து சிப்பி சுத்தம் செய்கிறேன். அவர்களும் என்னை வாசல் பக்கம்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

யெசெனியாவின் காரமான மருந்தும் கேட்கவில்லை. அதைவிடக் காரமானதும் கேட்கவில்லை. அடுத்து என்ன இருக்கிறது என்றேன். "இதுக்கு மேல என் கடையில ஒண்ணுமில்ல, நிக்கோ" என்றாள். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எதற்கு மச்சானைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன் என்கிறாய்? சண்டையா? விட்டுவிட்டுப் போய்விட்டாரா? அப்படியானால் சொல், பஸ் ஏறி வந்து அவர் லாரிக் கண்ணாடியை உடைக்கிறேன். என் மேல் கோபமா? நான் என்ன செய்தேன்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிக்கோ


அந்தோஃபகாஸ்தா
ஆகஸ்ட் 2

நிக்கோ,

நான் என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

ரூபென் பிப்ரவரியில் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் உன்னைப் போனில் கூப்பிட்டேன். கடைக்காரர் உன்னைக் கூட்டிவர ஆள் அனுப்பி, நீ ஓடிவந்து மூச்சு வாங்க "அக்கா!" என்றாய். நான் சொன்னேன். "நிக்கோ, ரூபென் போயிட்டாருடா. ரோட்டுல அடிபட்டு செத்துட்டாரு. நேத்து புதைச்சோம்." இதைத்தான் சொன்னேன், எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதைச் சொல்ல வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ சிரித்தாய். "நல்லது அக்கா, ரொம்ப நல்லது! அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்றாய்.

தப்பாகக் கேட்டிருப்பாய் என்று இன்னொரு தடவை சொன்னேன். "ஆமா ஆமா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாய்.

போனை வைத்துவிட்டேன். நீ திரும்பக் கூப்பிடுவாய் என்று அந்த அழைப்பு நிலையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மார்ச்சில் உன் கடிதம் வந்தது, மச்சானைப் பற்றிச் சொன்னது சந்தோஷம் என்று. அவரைக் கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று. அப்புறம் பாகு பாட்டில். நீ அவரை ஒருநாளும் விரும்பியதில்லை, தெரியும். ஆனால் செத்தவரை வைத்து ஒருவன் இப்படி விளையாடுவானா, அதுவும் என் தம்பி, என்று கேட்டுக் கேட்டு எனக்கு மூளை களைத்துவிட்டது.

இனி நீ சொல். என்ன பதில் எழுதப் போகிறாய்?

சொராய்தா


பராச்சிகே
ஆகஸ்ட் 15

அக்கா, என் அக்கா,

எனக்குக் காது கேட்காது.

இதை எழுதாமல் இருக்கத்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இடது காது முற்றாகப் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. வலது காது நல்ல காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பாதிதான். முகத்தைப் பார்த்தால், உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். போனில் உதடு ஏது? நீ பேசுவது ஒரு ராகம் மாதிரி கேட்கும், சொல்லாகக் கேட்காது. ராகம் நிற்கும் இடத்தில் நான் "நல்லது அக்கா" என்பேன். நல்லது என்பது எதற்கும் பொருந்தும் என்று நினைத்தேன். அன்றைக்கு ரூபென் என்ற பெயர் மட்டும் பிடிபட்டது. கல்யாணத் தேதி குறித்துவிட்டீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நினைத்து, மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கடலில் இறங்காதே என்பாய். கடலில் இறங்காத நான் யார்? படகில் சொல்லியிருக்கலாம். சொன்ன அன்றைக்கே இறக்கிவிட்டிருப்பார்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அவர் செத்து ஆறு மாதம் கழித்து இப்போதுதான் நான் அழுகிறேன். எப்படி நடந்தது, எங்கே நடந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் சுங்கா என்னை இழுத்துக்கொண்டு பியூராவுக்குப் போனான். டாக்டர் ரெங்கிஃபோ என்று ஒரு அம்மா. போன மாதமே ஒரு தடவை போய்ப் பரிசோதனைக்குச் சீழ் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதன் முடிவு வந்திருந்தது. ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். என் காதுக் கிருமியை அதில் பயிர் வைத்திருக்கிறார்கள். பச்சையாக, படகடியில் பிடிக்கும் பாசி போல இருந்தது. அதன்மேல் சின்னச் சின்னக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் விழும். என் தட்டில் பாசி ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து முட்டிக்கொண்டிருந்தது. யெசெனியா கொடுத்த மருந்துகள் எல்லாமே அங்கே இருந்தன. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம்.

டாக்டரம்மா என் முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசினார்.

"இத்தனை வருஷமா மருந்து எப்படிப் போட்டீங்க?"

"சீழ் நிக்கிற வரைக்கும்."

"நின்னதும்?"

"கடலுக்குப் போயிடுவேன்."

"ஒவ்வொரு தடவையும் சாகக்கூடிய கிருமி செத்துது. சாகாததை மிச்சம் வச்சீங்க. அது பெருகுச்சு. மறுபடி மருந்து, மறுபடி மிச்சம். இப்ப உங்க காதுல இருக்கறது எல்லாத்தையும் பாத்துட்டு வந்த கிருமி."

"அந்த ஒண்ணு கேக்குதுல்ல, அதைக் குடுத்துடுங்க" என்றான் சுங்கா.

அந்த ஒன்று ஊசி. பல வாரம் படுக்கையில் கிடந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கூடவே காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து அரித்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த மருந்து உட்காதின் நரம்பைத் தின்னக்கூடியதாம். கெட்ட காதில் தின்ன ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஓடுகிற மருந்து நல்ல காதுக்கும் போகும்.

"எல்லாருக்கும் அப்படி ஆகாது. உங்களுக்கு ஏற்கனவே பாதி போயிருக்கறதால பயப்படறேன்" என்றார்.

"வேணாம்னா?" என்று கேட்டேன்.

கையை என் காதுக்குப் பின்னால் வைத்து, விரலால் அழுத்தினார். "எலும்பு வரைக்கும் வந்தாச்சு. அடுத்த வீடு மூளை."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். சுங்கா பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. அல்லது பேசினான், எனக்குக் கேட்கவில்லை.

நான் ஒத்துக்கொள்வதாக இல்லை, அக்கா. கொட்டகைத் தகரத்தில் மணல் அடிக்கும் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. அதுவும் இல்லாமல் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பது?

மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது.

நிக்கோ


அந்தோஃபகாஸ்தா
ஆகஸ்ட் 29

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஓர்த்தென்சியா அம்மாவின் கட்டிலருகே நின்று படித்தேன். நான் அழுவதைப் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. பிப்ரவரியிலிருந்து ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. இல்லை என்றால் இல்லை. ஆறு மாதமாக உன்னை மனசுக்குள் திட்டிய திட்டையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. மடையா. செவிட்டு மடையா.

ஊசி போட்டுக்கொள். கேட்காத தம்பி எனக்குப் போதும், செத்த தம்பி வேண்டாம். இன்னொருவரைப் புதைக்க என்னிடம் தெம்பு இல்லை.

ஆனால் தொடங்குவதற்கு முன் நான் வருகிறேன். உன் நல்ல காது இருக்கும்போதே உன் எதிரில் உட்கார்ந்து, என் வாயால், ரூபெனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இங்கே என் குடியிருப்புக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அது வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் இங்கே இருந்து காத்த பதினோரு வருஷமும் கணக்கில் சேராமல் போய்விடும். அதனால் குடியேற்ற அலுவலகத்தில் ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டிருக்கிறேன். செப்டம்பர் கடைசிக்குள் கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை பொறுக்கச் சொல்லி உன் டாக்டரம்மாவிடம் கேள்.

கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகப் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா


பியூரா, ஆஸ்பத்திரி
செப்டம்பர் 24

அக்காவுக்கு,

கையில் ஊசிக்குழாய் இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உனக்காகப் பொறுக்க முடியவில்லை. இம்மாத ஆரம்பத்தில் காய்ச்சல் வந்தது. ஒரு காலை காப்பி குடிக்கும்போது அது வாயின் ஓரமாகச் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் இடது பக்க முகம் தொங்கிப்போயிருக்கிறது. சுங்கா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கி வண்டியில் போட்டான். அன்றே அறுத்தார்கள். டாக்டரம்மா என்னிடம் சம்மதம் கேட்டபோது உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். என் கிருமி மற்ற நோயாளிகளுக்கு ஒட்டிவிடக் கூடாதாம். வருகிறவர்கள் எல்லோரும் மேலங்கி, கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு வருகிறார்கள். முகமூடி போட்டால் எனக்கு உதடு தெரியாது. கண்கள் வருகின்றன, கண்கள் போகின்றன, என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு நர்ஸ் மட்டும் வெளியே போனதும் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, முகமூடியைக் கழற்றி, "சாப்-டீங்-களா?" என்று வாயசைப்பாள். நான் ஆமாம் என்பேன். ஒரு நாளைக்கு எனக்கு அதுதான் பேச்சு.

மருந்து வேலை செய்கிறது. காய்ச்சல் போய்விட்டது, சீழ் குறைந்துவிட்டது. முகமும் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள்.

மற்றதும் நடக்கிறது. முதலில் மருந்து வண்டியின் சக்கரக் கீச்சொலி போனது. அப்புறம் ஜன்னலோரக் குருவி. பிறகு டாக்டரம்மாவின் குரல். மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகுமாம். சுங்காவின் கட்டைக் குரல் இன்னும் தூரத்தில் உறுமுகிறது. உன்னுடையது உயர்ந்த குரல், அக்கா.

அதனால் நீ அவசரப்பட வேண்டாம். காகிதம் கிடைக்கட்டும், நிதானமாக வா. இப்போது வந்தாலும் கேட்க ஒன்றும் இருக்காது. பதினோரு வருஷத்தை எனக்காகத் தொலைக்காதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது.

நிக்கோ


தாக்னா, பஸ் நிலையம்
அக்டோபர் 8

நிக்கோ,

இதை எனக்கு முன்னால் புறப்படும் பியூரா பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை, அடுத்ததில் வருகிறேன்.

அனுமதி வரவில்லை. ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பெட்டி கட்டிவிட்டேன். ஓர்த்தென்சியா அம்மாவை அவர் மகளிடம் ஒப்படைத்தேன். எல்லையில் அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார்.

"இப்ப வெளிய போனா திரும்ப எல்லாம் முதல்லேர்ந்துன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அங்க யாரு இருக்கா?"

"தம்பி. ஒடம்பு சரியில்ல."

"போன் போட்டுப் பேசிப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே, அம்மா."

பாவம், அவருக்கு என்ன தெரியும். முத்திரை குத்தச் சொன்னேன். குத்தினார்.

உனக்குக் கேட்காவிட்டால் என்ன, வந்து உட்காருகிறேன்.

சொராய்தா


பராச்சிகே, நம் வீடு
நவம்பர் 22

அக்கா,

நீ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாய். கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனாலும் எழுதுகிறேன்.

நீ வந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. காது காய்ந்துவிட்டது. காலையில் தலையணை சுத்தமாக இருப்பதைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், முப்பது வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். கொட்டகையில் பெண்கள் என்னை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன், என்னவென்று தெரியவில்லை, நானும் சிரிக்கிறேன்.

தகரத்தில் மணல் அடிப்பது இப்போது கேட்பதில்லை. கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது.

நீ நிறையப் பேசுகிறாய். மெதுவாக, வாயை அகலத் திறந்து, கண்ணாடி முன் பழகியபடி. சாப்பிடு, குளி, சுங்கா வந்திருக்கிறான். எல்லாம் புரிகிறது. ஆனால் வந்த நாளிலிருந்து நீ மச்சானைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் தொடங்கினாய். பாதியில் உன் உதடு நடுங்க ஆரம்பித்தது. உதடு நடுங்கினால் எனக்கு ஒன்றும் புரியாது, அக்கா. நான் தலையாட்டிவிடுவேனோ என்று பயந்து நீ நிறுத்திவிட்டாய். நானும் அதற்குத்தான் பயந்தேன்.

எழுதிக் கொடு. எவ்வளவு நீளமானாலும் சரி. நீ எதிரில் உட்கார்ந்திரு, நான் உன் கண் முன்னால் படிக்கிறேன்.

உன் தம்பி,
நிக்கோ


பராச்சிகே, அடுப்படி மேசை
நவம்பர் 23

நிக்கோ,

நலமா என்று கேட்கவில்லை. காலையில் இரண்டு தட்டு வறுத்த மீன் தின்றாய், பார்த்தேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு அன்று ஓய்வு. வேறொரு ஓட்டுநருக்குக் குழந்தை பிறந்ததால் அவன் கொண்டுபோக வேண்டிய சரக்கை இவர் ஏற்றுக்கொண்டார். நான் சண்டை போட்டேன். "ஒரு ஞாயித்துக்கிழம கூட வீட்ல இருக்கமாட்டீங்களா?" என்றேன். "சாயங்காலம் வந்துடுவேன், அந்த நீலச் சட்டைய ஊற வை" என்றார், என் காதைப் பிடித்துத் திருகிவிட்டு. ஊற வைத்தேன்.

கலாமா பாதையில் பனிமூட்டம். முன்னால் ஒரு வண்டி டயர் வெடித்து நின்றிருக்கிறது. உள்ளே வயசான தம்பதி. இவர் லாரியை ஓரம் கட்டி, இறங்கி, டயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பஸ்ஸுக்கு அவர் தெரியவில்லை. உடனே போய்விட்டாராம். அந்தக் கிழவிதான் போலீஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தால் போய்ப் பார்த்திருப்பேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உனக்குத் தெரியும். அதனால் உடலை அவருடைய முதல் மனைவிக்குத்தான் கொடுத்தார்கள். அடக்கத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன். எல்லோரும் அந்த அம்மாவிடமும் பிள்ளைகளிடமும் போய்க் கை கொடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். என்னிடம் ஒருவரும் வரவில்லை. யாரென்றே தெரியாதே. ஒருத்தி மட்டும் "நீங்க அவங்க வீட்ல வேலை செய்யறவங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அந்தச் சட்டை இன்னும் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. துவைத்துக் காயப்போட்டேன். இஸ்திரியும் போட்டேன். அப்புறம்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் புருஷன் செத்துவிட்டார் என்று ஒருவரிடமாவது சொல்லி, அவர்கள் "ஐயோ" என்பதை நான் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு நீ ஒருவன்தான் இருந்தாய். அதனால்தான் கூப்பிட்டேன்.

அவ்வளவுதான். இதற்கு மேல் இல்லை.

படித்து முடித்துவிட்டால் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கு. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா